தேக்குத் தோப்பைக் கலைக்க (நெரிசல் குறைய இடையில் சில மரத்தை வெட்டி எடுக்க) வேண்டும்: பருத்த மரத்தை எடுப்பதா, மெலிந்ததை எடுப்பதா?

மேட்டுக்கொல்லை:

எல்லோருக்கும் வணக்கம். ஒடுகத்தூர் பக்கம், ஜவ்வாது மலை அடிவாரத்தில் 4 ஏக்கர் பட்டா நிலம். செம்மண்ணும் சரளையும் கலந்த மேட்டுக்கொல்லை, லேசான சரிவு. 2013 மழைக்காலத்தில் 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் தேக்கு வைத்தோம். முதல் மூன்று வருடம் சொட்டுநீர், அதற்குப் பிறகு மழைதான். ஏக்கருக்கு 1000 கன்று நட்டதில் சுமார் 880 நிற்கிறது. நாலரை அடி உயரத்தில் டேப் பிடித்தால் 22 செ.மீ. முதல் 58 செ.மீ. வரை சுற்றளவு வருகிறது. பெரும்பாலானவை 30-க்கும் 38-க்கும் நடுவில், சராசரி 34. உயரம் 33 அடி இருக்கும். கீழ்க்கிளை எல்லாம் காய்ந்துபோய், உச்சியில் கால் பங்குதான் பச்சை. இரண்டு மூன்று வருடமாக சுற்றளவு ஏறினமாதிரியே தெரியவில்லை.

வரிசைகளுக்கு நடுவே வேம்பு, துரிஞ்சி, வாகை தானாக முளைத்திருக்கின்றன. பறவை போட்ட சந்தனக் கன்றும் ஏழெட்டு உண்டு. வரப்போரம் சீமைக் கருவேலம்.

ஒரு மர வியாபாரி, "45-க்கு மேல இருக்கிறதை மட்டும் நான் எடுத்துக்கிறேன், மிச்சத்துக்கு வெளிச்சம் கிடைச்சு தானா பருத்துடும்" என்கிறார். இன்னொருவர், வரிசை விட்டு வரிசை வெட்டிவிடுங்கள் என்கிறார். இரண்டில் எது சரி? எப்போது வெட்டுவது, ஒரே தடவையில் எத்தனை எடுக்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மரக்கணக்கு:

இரண்டும் வேண்டாம் சார். முதல் வியாபாரி சொல்வது உங்கள் தோப்புக்குச் செய்யக்கூடிய ஆகப்பெரிய கெடுதல். அவர் சொல்வதைக் கேட்டால் மெலிந்த மரம் என்னவோ இளைய மரம் மாதிரியும், வழி விட்டால் வளர்ந்துவிடும் போலவும் தோன்றும். உங்கள் தோப்பில் எல்லாம் ஒரே வருடம் நட்டவை. 12 வருடத்தில் 24 செ.மீ.யில் நிற்பது போட்டியில் தோற்ற மரம். தழை சுருங்கி, வேரும் சுருங்கி நிற்கிறது. தேக்கு வெளிச்ச விரும்பி. வருடக்கணக்கில் நிழலில் அமுங்கிய தேக்கு, திறந்துவிட்ட பிறகும் பெரிதாக மீளாது. 45-க்கு மேல் உள்ளதை அவரிடம் கொடுப்பது, கறக்கிற மாட்டை விற்றுவிட்டு வற்றிய மாட்டுக்குத் தீவனம் போடுவதுதான்.

வரிசை விட்டு வரிசை என்பது நாலைந்து வயதில் செய்ய வேண்டியது. அப்போது மரங்களுக்குள் பெரிய வித்தியாசம் இருக்காது, எதை எடுத்தாலும் ஒன்றுதான். 12 வயதில் நல்லது எது கெட்டது எது என்று மரமே காட்டிவிட்டது. இப்போது கண்ணை மூடிக்கொண்டு வரிசையாக வெட்டினால் உங்கள் நல்ல மரத்தில் பாதி போய்விடும்.

சரி, மெலிந்ததை மட்டும் பொறுக்கி எடுத்தால்? அதிலும் பெரிய பயன் இல்லை. அடியில் அமுங்கிக் கிடக்கும் 22 செ.மீ. மரம் யாருக்கும் போட்டி இல்லை. நல்ல மரத்தின் வெளிச்சத்தையும் தண்ணீரையும் பிடுங்குவது பக்கத்தில் அதே உயரத்தில் தோளோடு தோள் உரசி நிற்கும் 36, 40 செ.மீ. மரம். அதை எடுத்தால்தான் நல்ல மரத்துக்கு மூச்சு வரும். அதனால் எதை வெட்டுவது என்று ஆரம்பிக்காதீர்கள். எது நிற்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து அதற்கு வெள்ளை வளையம் போடுங்கள். வெட்டுவது அதிலிருந்து தானாக வரும்.

முதலில் நெரிசலின் அளவு. உங்கள் சராசரி 34 செ.மீ. என்றால், 34-ஐ 34-ஆல் பெருக்கி 0.0796-ஆல் பெருக்க, ஒரு மரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு 92 சதுர செ.மீ. 880 மரத்துக்கு ஏக்கருக்கு 8.1 சதுர மீட்டர், ஹெக்டேருக்கு 20. தேக்கில் இது 20-ஐத் தொட்டாலே நெரிசல்தான், மானாவாரிச் சரளையில் கேட்கவே வேண்டாம். கலைத்த பிறகு 13 முதல் 15-க்கு இறங்க வேண்டும். அடுத்து ஒல்லித்தன்மை. 34 செ.மீ. சுற்றளவு என்றால் விட்டம் 10.8 செ.மீ., உயரம் 10 மீட்டர். உயரத்தை விட்டத்தால் வகுத்தால் 92. இது 80-க்குள் இருந்தால் மரம் காற்றுக்கு நிற்கும், 100-ஐத் தாண்டினால் வளையும். நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். அதனால் ஒரே அடியாகப் பாதியை வெட்டக் கூடாது. இப்போது மூன்றில் ஒரு பங்கு, நாலு வருடம் கழித்து மறுபடி.

சராசரியைக் கண்ணளவில் எடுத்திருந்தால் இப்படிச் சரிபாருங்கள்: 5.64 மீட்டர் கயிற்றை ஒரு குச்சியில் கட்டிச் சுற்றினால் 100 சதுர மீட்டர் வட்டம். அதற்குள் நிற்கும் மரத்தை எண்ணி 40-ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு. ஏக்கருக்கு மூன்று வட்டமாவது, ஓரத்தில் இல்லாமல் உள்ளே போடுங்கள். ஓர மரம் எப்போதும் பருத்திருக்கும், கணக்கை ஏமாற்றும்.

இப்போது வெள்ளை வளையம். தோப்பை 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டமாக மனதில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்தில் நாலு மரம் வரும். அதில் சிறந்த ஒன்று. கீழிருந்து 15 அடி வரை நேராக இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். அந்த 15 அடிக்குள் கவை, அதாவது தண்டு இரண்டாகப் பிரியும் இடம், இருக்கக் கூடாது (தேக்கின் நுனிக்குருத்தே பூங்கொத்தாக மாறினால் அந்த இடத்தில் கவை விழும், சீக்கிரம் பூத்த மரம் தாழக் கவை விடும்). பிறகு தழை நாலு பக்கமும் சமமாக இருக்கிறதா, பட்டையில் வெடிப்போ காயமோ உண்டா என்று பாருங்கள். சுற்றளவை இதற்கெல்லாம் பிறகுதான் பார்க்க வேண்டும். உங்கள் 58 செ.மீ. மரம் கோணலாகவோ எட்டடியில் கவைத்தோ இருந்தால் அதுதான் வெட்ட வேண்டிய முதல் மரம். சுற்றியுள்ள ஏழெட்டு மரத்தை அது அமுக்கிக்கொண்டிருக்கும். கட்டக் கணக்கை வேதவாக்கு மாதிரி பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். ஒரு கட்டத்தில் உருப்படியான மரமே இல்லையென்றால் விட்டுவிடுங்கள், பக்கத்துக் கட்டத்தில் இரண்டு நல்லது இருந்தால் இரண்டையும் வையுங்கள்.

ஏக்கருக்கு 220, 230 வெள்ளை மரம் தேறும். ஒவ்வொன்றின் கீழும் நின்று அண்ணாந்து பாருங்கள். அதன் தழையை எந்தப் பக்கத்து மரம் அழுத்துகிறதோ அந்த ஒன்றுக்கு, மிஞ்சிப்போனால் இரண்டுக்கு, சிவப்புப் பெருக்கல் குறி. வெள்ளை மரத்துக்குத் தொந்தரவு தராத மரத்தைத் தொடவே வேண்டாம். அது மண்ணுக்கு நிழல், வெள்ளை மரத்தின் தண்டில் வேண்டாத துளிர் வராமல் பாதுகாப்பு, அடுத்த கலைப்பில் காசு. வெட்டிய கட்டையை வெளியே கொண்டுபோகும் பாதைக்காக எடுக்கும் 70 மரத்தையும் சேர்த்து ஏக்கருக்கு 300 வெட்டு வரும், 580 நிற்கும். பரப்பு ஹெக்டேருக்கு 13-க்கு இறங்கிவிடும். நிற்பது நாலு வருடம் கழித்து 350, அதற்குப் பிறகு 200 என்று வரட்டும்.

குறி போடுவதை இலை இருக்கும்போது, அக்டோபர் நவம்பரில் முடித்துவிடுங்கள். இலை உதிர்ந்தால் யார் யாரை அழுத்துகிறார்கள் என்றே தெரியாது. வெட்டு மட்டும் பொங்கலுக்குப் பிறகு, மாசிக்குள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஆவணி புரட்டாசியில் வெட்டுவதுதான் ஆபத்து. புதிதாகத் திறந்த ஒல்லி மரம், ஊறிய மண், புயல் காற்று மூன்றும் சேர்ந்தால் வேரோடு சாயும். தை மாதம் வெட்டினால் அடுத்த ஐப்பசி வருவதற்குள் ஒரு வளர்ச்சிப் பருவம் கிடைத்து வேரும் தண்டும் கொஞ்சம் பிடித்துவிடும். வெளி ஓர இரண்டு வரிசையை இந்த முறை கலைக்கவே வேண்டாம், காற்றுத் தடுப்பாக நிற்கட்டும்.

---

அடிவாரம்:

வெட்டுகிற முறை நல்லாவே சொல்லியிருக்காங்க. காகித வேலை பற்றி மட்டும் நான் சொல்றேன்.

பட்டா நிலத் தேக்கானாலும் வெட்டி லாரியில் ஏற்றிப் போக 1968 மரப் போக்குவரத்து விதிகளின்படி வனத்துறை அனுமதிச் சீட்டு வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் பட்டா, அடங்கல், மர எண்ணிக்கை வாங்கிக்கொண்டு, குறி போட்ட பிறகு, ஒரு மரம் கூட வெட்டாமல், வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள். வெட்டிப் போட்ட பிறகு போனால் எது எந்த நிலத்து மரம் என்ற கேள்வி வரும். மலை அடிவாரம் என்பதால் இன்னொன்றும் கேளுங்கள்: உங்கள் கிராமம் 1955 மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்டதா என்று. அறிவிக்கப்பட்டிருந்தால் கொண்டுபோக மட்டுமில்லை, வெட்டவே முன் அனுமதி வேண்டும்.

சந்தனக் கன்றைத் தொடாதீங்க, பிடுங்கவும் வேண்டாம், இடம் மாற்றவும் வேண்டாம். பட்டா நிலத்தில் இருக்கிற சந்தனம் இப்போ நில உரிமையாளருக்குத்தான், ஆனா வெட்டுறதும் விற்கிறதும் வனத்துறை வழியாத்தான். மனுவிலேயே எத்தனை கன்று, எந்தப் பக்கம் என்று எழுதிவிடுங்க.

---

ரம்பம்:

அண்ணே, ஆள் விட்டு வெட்டும்போது நடக்கிற கோளாறு சொல்றேன்.

குறி ரெண்டு இடத்துல போடுங்க. நெஞ்சு உயரத்துல ஒண்ணு, தரையோட தரையா வேர்க்கிட்ட ஒண்ணு. மேல் குறி மரத்தோட போயிடும், கீழ்க்குறி அடிக்கட்டையில நிக்கும். சாயங்காலம் சுத்தி வந்தா, சிவப்பு இல்லாத அடிக்கட்டை இருந்தா அது களவு. வியாபாரிகிட்ட மொத்தமா "தோப்பைக் கலைச்சு எடுத்துக்கோ"ன்னு குத்துமதிப்புல பேசாதீங்க. சிவப்புக் குறி எத்தனையோ அத்தனைக்கு விலை, வெள்ளை மரம் ஒண்ணு சாய்ஞ்சாலோ பட்டை உரிஞ்சாலோ இவ்வளவு பிடித்தம்னு எழுதி வாங்குங்க.

பாதை முதல்ல. 12 வரிசைக்கு ஒரு வரிசையை முழுசா எடுத்துட்டா 4 மீட்டர் தடம் கிடைக்கும், டிராக்டர் டிப்பர் அதுக்குள்ளயே நிக்கணும். மத்த இடத்துல சக்கரம் ஏறக்கூடாது. தடத்துக்குத் திரும்புற மூலையில நிக்கிற நல்ல மரம்தான் கட்டை இழுக்கும்போது பட்டை உரியும். அந்த மூலையில சிவப்பு மரம் ஒண்ணை வெட்டாம விட்டுவெச்சு, அடி அது மேல படட்டும். கடைசி நாள் அதை வெட்டிக்கலாம்.

இந்த சைஸ் மரத்துக்கு வில் ரம்பமே போதும். விழுற பக்கம் கால்வாசி ஆழத்துக்கு வாய் வெட்டு, எதிர்ப்பக்கம் அதுக்கு ஓர் அங்குலம் மேல அறுப்பு, நடுவுல ஒரு விரல் கனம் விட்டுடணும். அந்த ஒரு விரல்தான் கீல் மாதிரி மரத்தைத் திசை பிடிச்சு இறக்கும். அதையும் அறுத்துட்டா மரம் எங்க போகும்னு சொல்ல முடியாது. நெருக்கமான தோப்புல பாதி மரம் கீழ வராது, பக்கத்து மரத்துல சாஞ்சு மாட்டிக்கும். மேல ஏறி உலுக்குறது, மாட்டியிருக்கிற மரத்தையே வெட்டுறது ரெண்டும் உயிருக்கு ஆபத்து. அடியில கயிறு கட்டிப் பின்பக்கமா இழுத்தா உச்சி நழுவி வந்துடும். வெட்டுற மரத்துக்கு 70 அடிக்குள்ள வேற ஆள் நிக்கக் கூடாது.

வெட்டினதை 10, 12 அடியாத் துண்டு போட்டு, நிழல்ல, தரையில படாம அடுக்குங்க. பட்டையை உடனே உரிச்சுடணும். இந்த வயசு மரத்துல வைரம் (உள்ளே இருக்கிற கெட்டிக் கட்டை) கொஞ்சம், வெளிச்சுத்துல இருக்கிற வெள்ளைக் கட்டைதான் அதிகம், பட்டையோட கிடந்தா துளைப்பான் விழுந்து மாவாக் கொட்டும். பந்தல் காலுக்கும் சாரத்துக்கும் போகும். நேரா மண்ணுல நட்டா வெள்ளைக் கட்டை சீக்கிரமே அடியில இத்துடும், வாங்குறவங்ககிட்ட அதையும் சொல்லிடுங்க.

---

பாலாற்றங்கரை:

ஒரு யோசனை. மரம் எடுத்த கையோடு டிராக்டர் விட்டு நடுவில் நன்றாக உழுது, புதர் எல்லாம் சுத்தம் செய்து, ஒரு மழைக்குக் கொள்ளு விதைத்தால் மண்ணும் இளகும், களையும் போகும். வேம்பு, துரிஞ்சி எல்லாம் தேக்குக்குப் போட்டிதானே, அதையும் ஜேசிபி வைத்து எடுத்துவிடலாம்.

---

மரக்கணக்கு:

@பாலாற்றங்கரை, மன்னிக்கவும், இதில் உடன்பாடு இல்லை. முதல் இரண்டு வருடத்துக் கன்றாக இருந்தால் ஊடுபயிர் சரி. 12 வயதுத் தேக்கின் சல்லிவேர் மேல் ஓர் அடி மண்ணிலேயே பரவிக் கிடக்கும். வெட்டிய பிறகு காலியான இடத்துக்கு அந்த வேர்தான் முதலில் ஓட வேண்டும். அதைக் கலப்பையால் அறுத்துவிட்டு மரம் பருக்கவில்லை என்று சொல்லக் கூடாது.

புதரைச் சுத்தம் செய்வது இன்னும் மோசம். தேக்கிலை அகலம். மழைத்துளி இலையில் சேர்ந்து பெரிய சொட்டாகி விழும்போது வெறும் மண்ணைக் குழித்து அடித்துக்கொண்டு போகும். சரிவு நிலத்தில் தேக்கு மட்டும் சுத்தமாக நிற்கும் தோப்புகளில் மேல்மண் போய்ச் சரளை தெரிவது இதனால்தான். துரிஞ்சி, வாகை இரண்டும் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் இனம். அவற்றின் சின்ன இலை சருகில் கலந்தால் தேக்குச் சருகு சீக்கிரம் மக்கும். தேக்கின் உச்சியை முட்டும் வாகை இருந்தால் அதை மட்டும் எடுங்கள். சந்தனத்தைச் சுற்றி உள்ளவற்றை ஒன்றுகூட எடுக்காதீர்கள். சந்தனம் பக்கத்துச் செடியின் வேரில் ஒட்டி வாழ்வது, துணைச்செடி போனால் அதுவும் வாடும்.

வெட்டிய மிலாறு, கொப்பு எல்லாவற்றையும் இரண்டு மூன்றடியாக நறுக்கி, சரிவுக்குக் குறுக்கே, உயரமாகக் குவிக்காமல் வரிசையாகப் போடுங்கள். ஓடும் மண் அதில் தங்கும். வெள்ளை மரத்தின் அடியில் மட்டும் சாத்த வேண்டாம். சித்திரை வெயிலில் எங்கிருந்தாவது தீ வந்தால் அந்தக் குவியல் அடிமரத்தையே சுட்டுவிடும். வேலி ஓரம் 10 அடி அகலத்துக்குச் சருகைப் பெருக்கித் தீத்தடுப்புக் கோடு எடுத்துவிடுங்கள், மாசிக்குள்.

---

மேட்டுக்கொல்லை:

எல்லோருக்கும் நன்றி. நான் நினைத்ததற்கு நேர்மாறாக இருக்கிறது, ஆனால் காரணம் புரிகிறது. இன்னும் மூன்று சந்தேகம். வெட்டிய அடிக்கட்டையில் மறுதாம்பு வருமே, அதை வளர விடலாமா? நிற்கும் மரத்தில் கிளை கழிக்கலாமா? கலைத்தது பலன் தருகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

---

மரக்கணக்கு:

மறுதாம்பு நிச்சயம் வரும்; தேக்கு துளிர்ப்பதில் சளைக்காது, அதுவும் இலையுதிர்ந்த காலத்தில் வெட்டினால் வேரில் சேமித்தது முழுவதும் துளிரில் வரும். இந்தக் கலைப்பில் அதை வளர விட வேண்டாம். மேலே வெளிச்சம் போதாது, நாலு வருடம் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒல்லியாக நிற்கும். அடிக்கட்டையைத் தரைக்கு நாலு விரல் உயரத்தில் சாய்வாக வெட்டுங்கள். துளிர் முழங்கால் உயரம் வரும்போது, ஆனி ஆடியில் ஒரு முறை, புரட்டாசியில் ஒரு முறை அடியோடு ஒடித்துவிட்டால் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஒரு வருடம் சும்மா விட்டால் பிறகு கத்தி எடுக்க வேண்டியிருக்கும். மரமே இல்லாமல் வெட்டவெளியாக இருக்கும் இடத்தில் மட்டும், தரைக்கு மிக அருகில் கிளம்பிய ஒரு துளிரை விட்டு மற்றதை ஒடிக்கலாம்.

வரப்புச் சீமைக் கருவேலம் கதை வேறு. அதை வெட்டுவது வீண், நாலு மடங்காகத் துளிர்க்கும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேர்க்கழுத்துக்கு ஓர் அடி கீழே தோண்டி எடுத்தால்தான் போகும். ஜேசிபி அங்கே விடலாம், தோப்புக்குள் வேண்டாம். திறந்த இடத்தில் உண்ணிச்செடி நுழையும், அதையும் கன்றாக இருக்கும்போதே கையால் பிடுங்கிவிடுங்கள்.

கிளை கழிப்பு: பச்சை ஏற்கெனவே கால் பங்குதான் இருக்கிறது என்றீர்கள். மரம் தெம்பாக இருக்க மூன்றில் ஒரு பங்காவது தழை வேண்டும். அதனால் இந்த வருடம் காய்ந்த கிளையை மட்டும், வெள்ளை மரங்களில் மட்டும் எடுங்கள். கொடுவாளால் கொத்தினால் தண்டு கிழியும், கிளையின் அடித்துண்டு நீண்டு நிற்கும், பலகையில் அது கழன்று விழும் முடிச்சாகும். கை ரம்பத்தால், கிளையின் அடியில் வளையமாக உப்பியிருக்கும் இடத்தை ஒட்டி, அந்த உப்பலைக் காயப்படுத்தாமல் அறுக்க வேண்டும். பச்சைக் கிளை கழிப்பதை இரண்டு வருடம் தள்ளிப்போடுங்கள். தண்டில் வெயில் பட்டதும் பட்டையிலிருந்து இளந்துளிர் கிளம்பும். மழை தொடங்கிய முதல் மாதத்தில் கையால் தேய்த்தாலே உதிர்ந்துவிடும்.

பலன் உடனே தெரியாது. முதல் வருடம் மரம் தழையைத்தான் விரிக்கும், சுற்றளவு அதற்கு அடுத்த வருடத்திலிருந்து ஏறும். 30 வெள்ளை மரத்தில் 1.37 மீட்டர் உயரத்தில், சரிவில் மேட்டுப் பக்கம் நின்று அளந்து, பெயிண்டால் மெல்லிய கோடு போடுங்கள். அதே கோட்டில், வருடா வருடம் மாசியில் டேப் பிடியுங்கள். மழைக்காலத்தில் பட்டை ஊறியிருக்கும், கோடையில் சுருங்கியிருக்கும். மாதம் மாறினால் அளவு ஏமாற்றும். வெள்ளை, சிவப்பு இரண்டும் போடாமல் விட்ட மரத்திலும் ஒரு பத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். மழை நல்ல வருடமா, கலைப்பு பலித்ததா என்று பிரித்துப் பார்க்க அது வேண்டும். ஏறிக்கொண்டிருந்த அளவு மறுபடி தேங்கினால், நாலு வருடம் ஆகாவிட்டாலும் அடுத்த கலைப்புக்குப் பெயிண்ட் வாங்கிவிடலாம்.

---

ரம்பம்:

பெயிண்ட்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. சுண்ணாம்பு, சாக்பீஸ் எல்லாம் வேணாம்ணே. ஐப்பசி மழையில கரைஞ்சு போய், தை மாசம் எது வெள்ளை எது சிவப்புன்னு தெரியாம நிப்பீங்க. எனாமல் பெயிண்டா வாங்குங்க, பட்டையை லேசா சுரண்டிட்டு அடிங்க. வெள்ளை வளையம் சுத்தி முழுசா இருக்கணும், ஒரு பக்கம் மட்டும் போட்டா எதிர்ப்பக்கமா வர்ற ஆளுக்குத் தெரியாது.